பழைய பாலத்தை எப்போது மூடுவது?

வீரமுனை என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து? வீ, ர, மு, னை என்று விரல் மடக்கி, நான்கு என்று சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் எழுதிய இதே பெயரைப் பைத்தன் 2 என்ற கணினி மொழியிடம் கொடுத்து நீளத்தைக் கேட்டால் 21 என்று விடை வரும். பைத்தன் 3இடம் அதே கட்டளையை ஒரு புள்ளிகூட மாற்றாமல் கொடுத்தால் 7 என்று வரும். முன்னது அந்தப் பெயரைச் சேமிக்கச் செலவான பைட்டுகளை எண்ணுகிறது. பின்னது யுனிகோட் தந்த குறியெண்களை எண்ணுகிறது. வகரம் ஒன்று, அதன் தலையில் ஏறும் ஈகாரக் குறி இன்னொன்று என்பது அதன் கணக்கு. நம்முடைய நான்கு இரண்டிலும் வரவில்லை என்பது தனி வழக்கு, அதற்குப் பிறகு வருவோம். இங்கே பார்க்க வேண்டியது வேறு. கட்டளையின் பெயர் மாறவில்லை, எழுதும் முறை மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. ஊர்ப்பெயருக்கு இத்தனை பைட் என்று எல்லை போட்டு எழுதிய நிரலும், நீண்ட பெயரை இடையில் வெட்டிச் சுருக்கும் நிரலும் புதிய பதிப்பில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. பட்டியலில் சில பெயர்கள் கோணலாகும். அதை யாராவது கண்டுபிடிக்கும்வரை அப்படியே கிடக்கும்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் எதையும் அடித்தளத்திலிருந்து கட்டுவதில்லை. இணையப் பக்கத்தை அனுப்புவது, தரவுத்தளத்தோடு பேசுவது, பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது போன்ற பொது வேலைகளை முன்கூட்டியே செய்துவைத்திருக்கும் சட்டகம் ஒன்றை எடுத்து, அதன்மேல் தங்கள் பங்கை எழுதுகிறார்கள். ஃபிரேம்வேர்க் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். சட்டகத்துக்கும் அதன்மேல் எழுதப்படும் நிரலுக்கும் இடையிலுள்ள வாசல்களே இடைமுகங்கள். சட்டகத்தை எழுதியவர்கள் ஒரு வாசல் சரியில்லை என்று கண்டு, பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து, பழையதை இனிப் பாவிக்க வேண்டாம் என்று சொல்வதை டெப்ரிக்கேட் செய்வது என்பார்கள். இதைக் கைவிடல் அறிவித்தல் என்று தமிழில் சொல்லலாம். மரண அறிவித்தலோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார், வேலையும் செய்கிறார். அவரை நம்பிப் புதிதாக எதையும் தொடங்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்ததை மெல்லத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே அறிவித்தலின் பொருள். அறிவித்தலுக்கும் அகற்றலுக்கும் இடைப்பட்ட காலத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் ஒரு மேம்படுத்தல் வெற்றியா தோல்வியா என்பது தீர்மானமாகிறது. பழையதும் புதியதும் ஒரே நிரலுக்குள் சேர்ந்து ஓட வழி இருந்ததா, அந்த வழி எப்போது அடைபடும் என்று தேதி சொல்லப்பட்டதா, அந்தச் செய்தி உரியவரின் கண்ணில் பட்டதா? கடந்த இருபது முப்பது ஆண்டுகளின் அனுபவத்தை வரிசையாகப் பார்த்தால், இந்த மூன்றில் ஒன்று குறைந்த இடத்திலெல்லாம் மாற்றம் நொண்டியிருக்கிறது.

மட்டக்களப்புக்குப் போய்வரும் கல்முனைக்காரருக்கு இதை விளக்கக் கல்லடிப் பாலமே போதும். பிரித்தானியர் காலத்து ஒற்றைவழி இரும்புப் பாலத்தை உடைத்துவிட்டுப் புதியதைக் கட்டத் தொடங்கியிருந்தால் வாவிக்கு இக்கரையில் உள்ளவர்கள் நெடுங்காலம் சுற்றிப் போயிருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. பழையதில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கப் பக்கத்திலேயே புதிய பாலம் எழுந்தது. 2013 மார்ச்சில் அது திறக்கப்பட்ட பிறகே போக்குவரத்து மாறியது. மென்பொருளில் இந்தச் சாதாரண அறிவு பல தடவை தவறிப்போயிருக்கிறது.

பைத்தனின் கதையை விரிவாகப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் அதைவிட நன்றாகப் பதிவான பாடம் கிடையாது. பைத்தன் 3.0 வெளியானது 2008 டிசெம்பர் 3இல். பழைய நிரல் இதில் ஓடாது என்று அதை எழுதியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். முறிவுக்கு முக்கியக் காரணம் எழுத்து. பைத்தன் 2இல் எழுத்துச்சரமும் வெறும் பைட்டுகளும் ஒரே பெட்டியில் கிடந்தன. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு அதில் தொல்லை இல்லை. தமிழோ சிங்களமோ அறபோ வந்து இரண்டும் ஓரிடத்தில் கலந்தவுடன், ஆஸ்கி குறிநீக்கி இந்தப் பைட்டைப் புரிந்துகொள்ளவில்லை என்ற பிழை வெடிக்கும். ஆகவே இந்த மாற்றத்தின் நோக்கம் நமக்குச் சாதகமானது. இலத்தீன் எழுத்துக்கு வெளியே வாழும் எல்லாருக்கும் சாதகமானது. ஆனாலும் அது முதல் நாலைந்து ஆண்டுகள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. காரணம், போட்டிருந்த பாலம் ஒருவழிப் பாலம். பழைய நிரலைக் கொடுத்தால் புதிய நிரலாக மாற்றித்தரும் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள். மாற்றிய நிரல் பழைய பதிப்பில் ஓடாது. ஒரு நூலகத்தைப் பராமரிப்பவர் தன் பயனர் அனைவரும் ஒரே நாளில் மாறுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? முடியாது. எனவே எவரும் முதலில் காலெடுத்து வைக்கவில்லை. அடுத்தவர் மாறட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

முடிச்சு அவிழ்ந்த விதம் வேடிக்கையானது. பைத்தன் 2இல் யுனிகோட் சரத்தைக் குறிக்க மேற்கோளுக்கு முன் ஓர் எழுத்தை இடுவார்கள். புதிய பதிப்பில் எல்லாச் சரமும் யுனிகோட் ஆகிவிட்டதால் அந்த எழுத்து வீண் என்று நீக்கிவிட்டார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் அந்த ஒற்றை எழுத்து இல்லாததால், இரண்டு பதிப்பிலும் ஓடக்கூடிய ஒரே நிரலை எழுதுவது பெரும் இம்சையானது. ஃபிளாஸ்க் சட்டகத்தை உருவாக்கிய ஆர்மின் ரோனாக்கர் அதைத் திரும்பக் கொண்டுவரும்படி முன்மொழிந்தார். 2012 செப்டெம்பரில் வெளியான 3.3 பதிப்பில் அது திரும்பியது. செய்யும் வேலை எதுவுமில்லை, ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்கும், அவ்வளவுதான். பைட்டுகளுக்குள் மதிப்புகளைப் பொருத்தும் பழைய வசதியும் 2015இல் 3.5 பதிப்பில் திரும்பியது. அதன் பிறகு ஒரே மூலநிரலை இரண்டு பதிப்பிலும் ஓடவிட்டு, சோதித்து, தயாரானதும் பழையதை அணைப்பது வழக்கமாகிவிட்டது. ஜாங்கோ சட்டகத்தில் கட்டப்பட்ட இன்ஸ்டகிராம் தன் சேவையை நிறுத்தாமலே 2017இல் பைத்தன் 3க்கு மாறியது இந்த வழியில்தான். தமிழுக்கென எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நூலகமும் சில காலம் இரண்டு பதிப்புகளையும் தாங்கி நின்றது. பைத்தன் 2.7இன் ஆயுள் முதலில் 2015 என்றிருந்தது. 2014இல் அதை 2020 ஜனவரி 1க்குத் தள்ளிவைத்தார்கள். தள்ளியது நல்லது, தேதியைத் தெளிவாகச் சொன்னது அதைவிட நல்லது. 2020 ஏப்ரலில் கடைசி வெளியீடு வந்தது, அத்தோடு முடிந்தது. பன்னிரண்டு ஆண்டு இழுபறியில் முதல் பாதியை வீணாக்கியது மாற்றத்தின் அளவு அல்ல, இருபுறமும் நடக்க இடமில்லாத பாலம்தான் என்பது என் வாசிப்பு.

பாலம் இருந்தும் அறிவித்தல் பிந்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பிஎச்பி மொழி சான்று. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைக் குடும்பத்துக்கு மாற்றான மேம்பட்ட குடும்பம் 2004 ஜூலையில் 5.0 பதிப்போடேயே வந்துவிட்டது. பழையதைக் கைவிடுவதாக நிரல் ஓடும்போதே எச்சரிக்கத் தொடங்கியது 2013இல், 5.5 பதிப்பில். அகற்றியது 2015 டிசெம்பரில், 7.0 பதிப்பில். பதினொரு ஆண்டுகள் இரண்டு பாலமும் பக்கம் பக்கமாக நின்றன. ஆனால் பழையதன் வாசலில் பலகை தொங்கியது இரண்டரை ஆண்டு மட்டுமே. அந்த ஒன்பது ஆண்டு மௌனத்தில் வெளிவந்த பாடநூல்களும் பயிற்சி வகுப்புக் குறிப்புகளும் பழைய கட்டளையையே கற்றுக்கொடுத்தன. அதைப் படித்தவர்கள் எழுதிய தளங்கள் 7.0 வந்தவுடன் வெள்ளைப் பக்கமாக நின்றன. இதே மொழி இன்னொரு விஷயத்தில் சரியாக நடந்திருக்கிறது. இணைய முகவரியில் வரும் மதிப்புகளைக் கேளாமலே நிரலின் மாறிகளாக்கும் அமைப்பு ஒன்று அதில் இருந்தது. முகவரிப் பட்டையில் நான்தான் நிர்வாகி என்று எழுதிவிட்டு உள்ளே நுழைய அது வழிவிட்டது. 2002இல் 4.2 பதிப்பில் அதை இயல்பாக அணைத்து வைத்தார்கள், 2009இல் கைவிடல் அறிவித்தல் கொடுத்தார்கள், 2012இல் 5.4 பதிப்பில் அகற்றினார்கள். அணைத்துவைப்பதே வலுவான அறிவித்தல்: வேண்டுமென்றால் நீயே கைநீட்டிப் போட்டுக்கொள், போடும்போது தவறு செய்கிறாய் என்பது உனக்குத் தெரியும்.

தேதியில்லாத அறிவித்தல் எப்படிச் சுவரோடு சுவராகிவிடும் என்பதை ஜாவா மொழி காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் இழையைப் பலவந்தமாக நிறுத்தும் அதன் ஸ்டொப் கட்டளை ஆபத்தானது என்று 1998இல் 1.2 பதிப்பிலேயே கைவிடல் முத்திரை குத்தப்பட்டது. அது உண்மையில் வேலைசெய்ய மறுத்தது 2023 மார்ச்சில், 20ஆம் பதிப்பில். கால் நூற்றாண்டு. அதற்குள் அந்த முத்திரைக்கு யாரும் பயப்படாத நிலை வந்துவிட்டது. இதே போன்ற முத்திரைகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன, எதுவும் நடக்கவில்லை. இதை உணர்ந்துதான் 2017இல் 9ஆம் பதிப்பில், எப்போதிருந்து கைவிடப்பட்டது, உண்மையாகவே அகற்றப்படுமா என்ற இரண்டு தகவல்களையும் முத்திரையிலேயே எழுதும் வசதி சேர்க்கப்பட்டது. ஜாவா உலகின் இன்னொரு மாற்றம் வேறு வகை. ஒராக்கிள் நிறுவனம் ஜாவாவின் நிறுவனப் பதிப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கையளித்தபோது, வணிகப் பெயர் உரிமையைக் கையளிக்கவில்லை. பழைய பெயர்வெளியில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்றானது. விளைவு, ஜகார்த்தா என்று பெயர் மாறிய அந்தத் தொகுதியின் 2020 இறுதியில் வந்த 9ஆம் பதிப்பில் பொட்டலப் பெயர்களின் முன்னொட்டு மாறியது. 2022 நவம்பரில் வெளியான ஸ்பிரிங் பூட் சட்டகத்தின் 3ஆம் பதிப்பு அதைக் கட்டாயமாக்கியது. எந்தக் குறையையும் தீர்க்காத, எந்த வசதியையும் தராத மாற்றம். சட்டத்தரணிகள் போட்ட முடிச்சை உலகெங்கும் நிரலாளர்கள் உட்கார்ந்து அவிழ்த்தார்கள். ஏற்றுமதி மென்பொருளில் ஜாவாவை நம்பியிருக்கும் கொழும்பு நிறுவனங்களுக்கும் இதில் பங்கு கிடைத்திருக்கும்.

இணையப் பக்கங்களைக் கட்டும் ஆங்குலர் சட்டகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபரில் இரண்டாம் பதிப்பு முற்றிலும் வேறு சட்டகம் என்று மேடையில் அறிவித்தபோது, பழையதிலிருந்து எப்படிப் போவது என்ற கேள்விக்கு விடை தயாராக இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து ஓட்டும் வழி பின்னர்தான் வந்தது. அதற்குள் எப்படியும் முழுக்கத் திருப்பி எழுத வேண்டும், அதை ஏன் இவர்களோடு செய்ய வேண்டும் என்று பலர் ரியாக்ட் என்ற போட்டியாளர் பக்கம் போய்விட்டார்கள். சூடுபட்ட பிறகு ஆங்குலர் குழு தெளிவான கொள்கை வகுத்தது: கைவிடல் அறிவித்த இடைமுகம் குறைந்தது அடுத்த இரண்டு பெரும் பதிப்புகள்வரை இருக்கும், மாற்றங்களைத் தானே செய்துகொடுக்கும் கருவியும் கூடவே வரும்.

இந்த ஒழுங்கை முன்பிருந்தே கடைப்பிடிப்பதில் ஜாங்கோவை மிஞ்சிய பெரிய சட்டகம் குறைவு. எச்சரிக்கையின் பெயரிலேயே எந்தப் பதிப்பில் அகற்றப்படும் என்ற எண் இருக்கும். மொழிபெயர்ப்புச் செய்திகளை எடுக்கும் கட்டளைகளுக்கு, யுனிகோட் விடை வேண்டும் என்பதைக் காட்ட முன்னால் ஓர் எழுத்து ஒட்டியிருந்தது. பைத்தன் 2 காலத்து எச்சம் அது. பைத்தன் 2ஐக் கைவிட்ட ஜாங்கோ, 2019 டிசெம்பரில் 3.0 பதிப்பில் அந்த ஒட்டுப்பெயர்களுக்குக் கைவிடல் அறிவித்து, 2021 டிசெம்பரில் 4.0 பதிப்பில் அகற்றியது. இரண்டு ஆண்டு, சொன்ன பதிப்பில், சொன்னபடி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பக்கங்களைத் தரவேண்டிய தளத்தில் இந்தக் கட்டளை நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கும். ஆனாலும் தேடி மாற்றும் வேலை ஒரு பிற்பகலைத் தாண்டாது. ஒரு பதிப்பைத் தாண்டாமல் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டு அடுத்த படியில் கால்வைத்தவருக்குத்தான் அந்தப் பிற்பகல். ஐந்து படியை ஒரே பாய்ச்சலில் கடக்க நினைப்பவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது, நேரே பிழைதான்.

இத்தனைக்கும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எதற்காக உடைக்க வேண்டும், ஒருபோதும் உடைக்காமல் இருந்தால் என்ன? லினக்ஸ் கருவைப் பராமரிக்கும் லினஸ் டோர்வால்ட்ஸ் பயனர் நிரல்களை உடைக்கும் மாற்றத்தை ஏற்பதில்லை என்பதில் பெயர்பெற்ற பிடிவாதக்காரர். கோ மொழி 2012இல் முதல் பதிப்போடு இணக்க உறுதி கொடுத்து, அதைப் பெரும்பாலும் காத்துவருகிறது. இவை மதிக்கத்தக்கவை, இயன்ற இடத்தில் இதுவே சிறந்த வழி. ஆனால் இந்த உறுதிக்கும் விலை உண்டு, அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க நமக்கு வெகுதூரம் போக வேண்டாம். யுனிகோட் தொடக்கத்தில் குறியெண்களை இடம்மாற்றத் தயங்கவில்லை, 1996இல் 2.0 பதிப்பில் கொரிய எழுத்தசைகளின் முழுத் தொகுதியையும் வேறிடத்துக்கு நகர்த்தியது. அதனால் எழுந்த குழப்பத்தைப் பார்த்து, இனி ஒரு குறியெண்ணை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்று விதி செய்துகொண்டது. அந்த விதி உலகுக்கு நல்லது. ஆனால் தமிழுக்கான அட்டவணை 1991இலேயே அமைந்துவிட்டது. அதுவும் தமிழர் ஆராய்ந்து அமைத்ததல்ல, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி ஒழுங்கின் நிழல். அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை, அகரவரிசையும் நேராக இல்லை. பின்னர் தமிழ்நாட்டு அரசு எல்லா எழுத்துக்கும் தனிக் குறி கொண்ட டேஸ்16 ஒழுங்கை 2010இல் யுனிகோட்டோடு சேர்த்து அங்கீகரித்தபோதும், யுனிகோட்டின் கதவு மூடியே இருந்தது. வீரமுனைக்கு 7 என்ற விடை வருவது இதனால்தான். அந்த 7ஐ 4 ஆக்கப் பைத்தனில் தனி நூலகமோ கூடுதல் நிரலோ தேவைப்படுகிறது. ஒருபோதும் உடைக்காத ஒழுங்கு, முதல் நாளில் அறைக்குள் இருந்தவர்களுக்குச் சாதகமான ஒழுங்கு. பிந்தி வந்தவர்கள் முந்தியவர்களின் பிழையோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே உடைக்கவே கூடாது என்பதை நான் கொள்கையாக ஏற்கவில்லை. இருபுறமும் நடக்கக்கூடிய பாலம் போட முடியாத இடத்தில் மட்டும் உடைக்காதே என்பதே பொருத்தம். உலகின் ஆவணங்கள் அனைத்தையும் ஒருசேர மாற்றும் பாலம் எவராலும் போட முடியாது. யுனிகோட்டுக்கு அந்த விலக்கு உண்டு. ஒரு நிரல் சட்டகத்துக்கு இல்லை.

உறுதியைக் காப்பாற்றியும் பயனில்லாமல் போவதும் உண்டு. அதற்கான சான்று இந்த அம்பாறைக் கரையோடு தொடர்புள்ளது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நீளும் கரையில் 10,000 பேருக்கு மேல் போனார்கள். காணாமற்போனவர்களைப் பதியவும், முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் தேவைகளையும் ஒரே இடத்தில் காணவும், இலங்கைத் தகவல் தொழினுட்பவியலாளர்கள் தன்னார்வமாகச் சில வாரங்களில் எழுதிய மென்பொருள்தான் சஹானா. லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேசன் அதைத் திறந்த மூலத் திட்டமாக வளர்த்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்கான திட்டமென்று 2006க்குரிய விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. முதலில் அது பிஎச்பியில் இருந்தது. பின்னர் சஹானா ஏடன் என்ற பெயரில் பைத்தனில், வெப்2பை சட்டகத்தின்மேல் புதிதாக எழுதப்பட்டது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. பிஎச்பிக் கிளை தனியே சில காலம் போயிற்று. வெப்2பையோ, 2007இல் வந்த நாளிலிருந்தே பழைய நிரலை உடைக்கமாட்டேன் என்று உறுதி கூறிய அரிய சட்டகம். அதை உருவாக்கிய, சிக்காகோவின் டீபோல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மாசிமோ டி பியெரோ அந்தச் சொல்லைக் காத்தார். ஆனால் கீழே பைத்தனே மாறியது. சட்டகம் இரண்டு பதிப்பிலும் ஓடும்படி பிறகு திருத்தப்பட்டாலும், அதன்மேல் எழுதியவர் தன் நிரலைத் தானே திருத்தியாக வேண்டும். புதிய எண்ணங்களுக்கு பை4வெப் என்ற வேறு சட்டகம் பிறந்தது. பழைய வீட்டை உடைக்கவில்லை, உண்மை. புதிய அறைகளை அடுத்த வளவில் கட்டினார்கள்.

அடுத்த மறுப்பு எரிச்சலோடு வருவது: பத்து ஆண்டாகச் சொன்னோம், கேட்காதது சோம்பல். இதில் பாதி நியாயம் உண்டு. சில வகைப்பெயர்களைப் பழைய இடத்திலிருந்து அழைப்பது தவறு என்று பைத்தன் 2012இல் 3.3 பதிப்பில் சொன்னது, 2021இல் 3.10 பதிப்பில் அகற்றியபோதும் எண்ணற்ற நூலகங்கள் விழுந்தன. ஆனால் மற்றப் பாதியைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. பைத்தன் 2.7, 3.2 பதிப்புகளிலிருந்து கைவிடல் எச்சரிக்கைகளை இயல்பாகவே மறைத்துவிட்டார்கள், சாதாரணப் பயனருக்குத் தொல்லை என்று. 2018இல் 3.7 பதிப்பில்தான் ஒரு பகுதி மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது. மூடிய அறையில் மணியடித்துவிட்டு ஊரார் செவிடர் என்று சொல்லக்கூடாது. அதோடு, சோம்பல் என்று தெரிவது பல இடங்களில் ஆளின்மை. ஒரு பிரதேச சபைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ தளம் எழுதிக்கொடுத்தவர் பணம் வாங்கி முடித்துக் கத்தாருக்குப் போயிருப்பார். அறிவித்தலை வாசிக்க அந்த முனையில் எவருமில்லை.

அப்படியானால் மேம்படுத்தாமல் அப்படியே விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஓடுகிற இயந்திரத்தைத் தொடாதே என்பது பழைய அறிவு. வலையோடு இணையாத அச்சுக்கூடக் கணினிக்கு அது பொருந்தும். வலையில் நிற்பதற்குப் பொருந்தாது. ஆதரவு முடிந்த பதிப்பில் புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை. இதைவிட மோசமானது தூங்கும் மென்பொருள். அனர்த்த காலத்துக்கென எழுதப்பட்ட ஒன்று ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாமல் கிடக்கும். அலை வந்த அன்று அதை எழுப்புவார்கள். அன்றைக்குக் கிடைக்கும் வாடகைச் சேவையகத்தில் இருப்பது புதிய பிஎச்பி, புதிய பைத்தன். உறைந்த நிரல் ஓடாத நாளாக அந்த நாளே அமையும்.

இரண்டு பாலத்தையும் பேணும் செலவைச் சம்பளமில்லாத தன்னார்வலர் மேல் போடுவது அநீதி என்பது கடைசி மறுப்பு. அது உண்மை, அதனால்தான் தேதி வேண்டும் என்கிறேன். முடிவில்லாத இணைப்புக் காலம் எத்தனை பாழ் என்பதைத் தமிழ் எழுத்துருவின் வரலாறு காட்டுகிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திய பாமினி, யுனிகோட் பரவலாகி இத்தனை ஆண்டு கழிந்தும் இலங்கை அச்சுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் உயிரோடு இருக்கிறது. மாற்றும் கருவிகளுக்குக் குறைவில்லை, பாலம் இருபுறமும் திறந்தே கிடக்கிறது. இன்ன நாளிலிருந்து பாமினியில் தட்டிய கோப்பை ஏற்கமாட்டோம் என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் உள்ளவர் எவரும் இல்லை. அதனால் தேடமுடியாத, எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிற ஆவணங்கள் இன்றைக்கும் உற்பத்தியாகின்றன. பைத்தன் ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டது, பிறகு நிறுத்தியது. அந்த நிறுத்தம் கொடுமையல்ல. புதிய கரைக்கு வந்துவிட்டவர்களுக்குக் காட்டும் மரியாதை.

இனி இந்தக் கரையில் மென்பொருள் வாங்குகிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும். விலைமனு கோரும் சபைகளும் சங்கங்களும் எந்தச் சட்டகம், எந்தப் பதிப்பு, அதன் ஆதரவு எந்த ஆண்டில் முடிகிறது, முடியுமுன் அடுத்த பதிப்புக்கு ஏற்றித்தரும் கட்டணம் என்ன என்ற நான்கையும் உடன்படிக்கையிலேயே எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலும், உயர்தரத்தில் பைத்தன் படிப்பிக்கும் பாடசாலைகளிலும் புதிதாக நிரல் எழுதக் கற்பவர்களுக்குப் பழைய நிரல் ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு பதிப்பு மேலே ஏற்றிவரச் சொல்லுங்கள். மறைத்துவைத்த எச்சரிக்கைகளை முதலில் காட்டும்படி செய்துவிட்டு அவர்கள் தொடங்கட்டும்.